சின்னம்மாவுக்கு வலி எடுத்த பிற்பகல்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். எங்கள் பண்ணையின் சாலை வாசலில் ஒரு பெச்சா வந்து நின்றது. அதில் வந்த மருத்துவச்சி இறங்குவதற்காக ஒரு காலைத் தரையில் வைத்தாள். தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பெச்சாக்காரரின் தோளைத் தட்டி என்னவோ சொன்னாள். அந்த மூன்று சக்கர வண்டி ஒரு வட்டம் அடித்து வந்த வழியே போய்விட்டது.

ஜன்னலோரப் பாயில் கிடந்து இதை நான் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது. உடம்பு முழுக்க அம்மை. முற்றத்தில், மாட்டுக்கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில், கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சின்னம்மா நின்றாள். காலையிலிருந்து அவளுக்கு வலி. அவள் வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. அதைத் திருப்பத் தெரிந்த கைகள்தான் அந்த வண்டியில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

என் வயதை ஒட்டியவர்களே, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். என் மகளுக்கு இது நிறைமாதம். கோலாலம்பூரில் இருக்கிறாள். நான் தினமும் இரண்டு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிடுகிறேன். "ஆஸ்பத்திரி பக்கத்துலதாம்மா இருக்கு, நீங்க சும்மா இருங்க" என்று சிரிக்கிறாள். அவளுடைய டாக்டர் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போக மாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மதியம் மூன்று மணி ஆனால் என் கை தானாகத் தொலைபேசியிடம் போகிறது.

சின்னம்மா டச்சுக்காரி. சித்தப்பா கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். அவருடைய கப்பல் ஹாலந்தில் பழுது பார்க்க நின்றபோது, கடல் கரையை உடைத்துக்கொண்டு அந்த ஊருக்குள் புகுந்தது. மண் மூட்டை சுமக்கப் போன கப்பல்காரர்களில் சித்தப்பாவும் ஒருவர். சின்னம்மாவின் அப்பாவுக்கு இருந்த நிலம், மாடு எல்லாம் அந்த வெள்ளத்தில் போயின. அவளைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா மலாக்காவுக்கு வந்து இறங்கினார்.

அப்போது அப்பாவும் சித்தப்பாவுமாகச் சேர்ந்து காஜா பெராங்குக்கு அப்பால், நெல் வயல்கள் முடிகிற இடத்தில், சதுப்பு நிலத்தைத் திருத்தத் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு முன்பு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர்கள். சொந்தமாக ஒரு பாத்தி கத்தரிக்காய்கூடப் போட்டதில்லை. ஆள் உயர லாலாங் புல்லும், காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் சேறும்தான் எங்கள் பண்ணை. "வெள்ளைக்காரி இந்த லாலாங்கைப் பார்த்த மறுநாளே கப்பலைத் தேடுவா" என்றார் அப்பா. பட்டணத்தில் பழகிய கடைக்காரர்களிடமும் அப்படியே சொல்லி வைத்தார்.

அவள் தேடவில்லை. பெட்டியிலிருந்து நீளமாக, ஒடுக்கமாக ஒரு மண்வெட்டியை எடுத்தாள். எங்கள் ஊர் மண்வெட்டி மாதிரி தலைக்கு மேல் ஓங்கி வெட்டுவதல்ல அது. காலால் மிதித்து நேராக இறக்குவது. அதைக் கொண்டு வாய்க்கால் வெட்டினாள். நூல் பிடித்த மாதிரி இருக்கும். மழை நாளில் அந்த வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த மண்வெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் கொண்டு வந்த சுவர்க் கடிகாரமும் போய்விட்டது. அதன் பெண்டுலம் பித்தளையில், நிலாப் பிறை மாதிரி இருக்கும்.

அவள் தமிழ் கற்றது மாட்டுக்கொட்டகையில். அம்மா மாடுகளோடு பேசியதைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். அதனால் முதல் வருடம் எங்களிடமும் அப்படித்தான் பேசினாள். சோறு பரிமாறும்போது அப்பாவைப் பார்த்து, "தள்ளு, தள்ளு, நில்லு" என்பாள். அப்பா வாயில் வைத்த சோற்றோடு அப்படியே நிற்பார். அம்மா சமையலறைக்குள் போய்ச் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். "சிரிக்கிறியே, சொல்லிக் குடுத்தவ நீதானே" என்பார் அப்பா. அம்மாவை அவள் அக்கா என்று கூப்பிட்டாள். அம்மா அவளைத் தங்கச்சி என்றாள்.

நாடு சுதந்திரம் பெறப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்த வருடத்தில் சின்னம்மா முழுகாமல் இருந்தாள். மருத்துவச்சியின் வீடு காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கும் தெருவில் இருந்தது. அவளைப் போலவே அந்தச் செட்டிகளும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அம்மா சின்னம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய் வந்தாள். கடைசியாகப் போன அன்று நானும் கூடப் போனேன். மருத்துவச்சி குள்ளமாக, சரோங்கும் கெபாயாவும் போட்டு, வாயில் வெற்றிலையோடு இருந்தாள். சின்னம்மாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினாள்.

"தலை இங்கே இருக்குது, கால் அங்கே" என்றாள் மலாயில். "குறுக்கே படுத்திருக்கு. சில பிள்ளை தானே திரும்பும். இது சோம்பேறி. வலி எடுத்தா உடனே எனக்கு ஆள் அனுப்பணும். நான் வர்றதுக்கு முன்னாடி வேறே யாரும் கை வைக்கக் கூடாது. முக்கவும் கூடாது. கேட்குதா?"

"கேட்குது மாக்" என்றாள் அம்மா. அந்த வயதுப் பெண்களை நாங்கள் மாக் என்றுதான் கூப்பிடுவோம்.

"உனக்குச் சொல்லலை. இவளுக்குச் சொல்றேன். மாடு மாதிரி வலுவா இருக்கா. முக்கினா தாங்காது."

சின்னம்மா தலையை ஆட்டினாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் எனக்கு அம்மை வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு களிம்பு, ஒரு வாரம் விடுப்பு. நமக்கு அப்படியா? வீட்டுக்குள் ஆத்தா வந்துவிட்டாள் என்று அர்த்தம். தாளிப்பு கிடையாது. தலை வாரக் கூடாது. வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. வெளியே போய்வருகிறவர்கள் உள்ளே வரக் கூடாது. யாரையும் வா என்றும் சொல்லக் கூடாது, போ என்றும் சொல்லக் கூடாது. தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றுகிறவரை ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலை தொங்க வேண்டும். அந்த வாசலில் நின்று சத்தம் போட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் காய்கறியைப் பட்டணத்துப் பசாருக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள். அதனால் உஜோங் பாசிரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டார்கள். விடியற்காலையில் பண்ணையின் மறுகோடிக்கு வந்து காயைப் பறித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் போய்விடுவார்கள். வீட்டில் அம்மா, நான், சின்னம்மா மூன்று பேர்தான்.

சின்னம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. அவளுக்குப் பயமில்லை. ஆனால் முறை தெரியாமல் ஏதாவது தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் அதிகம். அம்மா வீட்டு நிலையில் மட்டும் வேப்பிலை கட்டினாள். சின்னம்மா கொட்டகையில் கட்டினாள், கோழிக்கூண்டில் கட்டினாள், கடைசியில் சாலை வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பெரிய பெரிய கொத்தாகக் கட்டிவிட்டு வந்தாள்.

"அங்க எதுக்கு தங்கச்சி? ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியணுமா?"

"ஒவ்வொரு வாசலும்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க."

அம்மா அதை அப்படியே விட்டுவிட்டாள். கட்டின இலையை அவிழ்ப்பது கட்டாமல் விடுவதைவிடப் பெரிய குற்றம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சின்னம்மா பணியவில்லை. கறந்த பாலை விற்கக் கூடாது, வாய்க்காலில் ஊற்றிவிடு என்று அம்மா சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. பாலைத் திரிய வைத்து, துணியில் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாள். துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பச்சைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. புளித்த வாடையும் வேப்பிலை வாடையும் மஞ்சள் வாடையும் கலந்து வீட்டையே நிறைத்தது. "ஆத்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவா" என்றாள் அம்மா.

"நல்லதுதானே அக்கா. புள்ளை சீக்கிரம் எழும்பும்."

"வாயைப் பாரு" என்று அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த சிரிப்பு அதுதான். அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது தண்ணீர் ஊற்றி முடிந்திருந்தது. அன்று பட்டணத்தில் சுதந்திரக் கொண்டாட்டம். காலையிலிருந்தே சாலையில் சைக்கிளும் மாட்டு வண்டியும் ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே வீட்டுக்காரர்களும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பசாரை முடித்துக்கொண்டு அங்கேதான் இருந்திருப்பார்கள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தபோது சின்னம்மாவுக்கு வலி எடுத்தது. முதலில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வலி விட்டதும் வேலையைப் பார்த்தாள். மதியம் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. அப்புறம்தான், "அக்கா, எனக்கு நேரம் வந்திருச்சுன்னு நெனைக்கிறேன்" என்று நிதானமாகச் சொன்னாள்.

அம்மா சாலைக்கு ஓடினாள். நல்ல வேளையாக எங்கள் காய்கறியை ஏற்றுகிற சீனப் பெச்சாக்காரர் காலி வண்டியோடு போய்க்கொண்டிருந்தார். வாசலுக்கு உள்ளேயே நின்று மருத்துவச்சி வீட்டைச் சொல்லி, வலி எடுத்துவிட்டது, உடனே கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் அம்மை என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் இலை தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது வெறும் இலை.

இனி மூன்று மணி பத்து நிமிடம்.

"அம்மா! பெச்சா போவுது!" என்று நான் கத்தியதும் அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். வாசல் வரைக்கும் ஓடினாள். சாலையில் கொஞ்ச தூரமும் ஓடினாள். பட்டணத்திலிருந்து பட்டாசுச் சத்தமும் பேண்டு வாத்தியமும் வந்துகொண்டிருந்தன. அம்மா கூப்பிட்டது எந்தக் காதிலும் விழுந்திருக்காது. அவள் திரும்பி வந்தபோது அவளுடைய கால் செருப்பில் ஒன்று இல்லை.

"என்ன அக்கா? எங்க மாக்?"

"இலையைப் பார்த்துட்டுப் போயிட்டா. பயந்துட்டா. அம்மை வீட்டுக்குள்ள வந்தா அப்புறம் நாலு வீட்டுல யாரும் அவளைக் கூப்பிட மாட்டாங்க. பொழப்பு முக்கியம் அவளுக்கு" என்றாள் அம்மா. அம்மா அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சின்னம்மா வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தாள். அதைக் கட்டியது அவள்தான். அவள் அழவில்லை. "நான் நல்லா கட்டிட்டேன்" என்றாள். அப்போது அடுத்த வலி வந்தது.

வலி விட்டதும் அவள் வீட்டை நோக்கி நடந்தாள். படி ஏறப் போனவளை அம்மா குறுக்கே நின்று மறித்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே நடந்தது. இரண்டு பேர் முகமும் எனக்குத் தெரிந்தது.

"இங்க வேணாம் தங்கச்சி."

"என்ன அக்கா?"

"உள்ள ஆத்தா இருக்கா. இந்தக் கூரைக்குக் கீழே பிரசவ ரத்தம் விழக் கூடாது. என்னைத் தப்பா நெனைச்சுக்காதே. என் பிள்ளை உள்ள கிடக்குது. நீ... நீ கொட்டகைக்குப் போயிடு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டில் பெரிய அம்மை வந்து செத்துப்போனான். சாவு வீட்டுக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண் குளிக்காமல் உள்ளே வந்ததால்தான் அவன் போனான் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். இன்றைக்கு அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். அன்று அந்தப் படியில் நின்றவள் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இன்னொன்று உள்ளே கிடந்தது.

சின்னம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அதுக்கு ஏன் அழுவுறீங்க? எங்க ஊர்ல மாடு அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். ஒரே கூரைதான் அக்கா. நடுவுல ஒரு கதவு. குளிர் காலத்துல மாட்டுச் சூடு இல்லைன்னா நாங்க இல்லை. நான் பொறந்ததும் அங்கதான்."

கொட்டகைப் பக்கம் திரும்பி இரண்டு அடி வைத்தவள் நின்று கேட்டாள். "நீங்க உள்ள வருவீங்களா அக்கா?"

பிரசவத்தில் கை வைத்தால் தீட்டு. தீட்டோடு என் பக்கத்தில் வர முடியாது. "வாசல்ல நிக்கிறேன்" என்றாள் அம்மா கடைசியில். "நீ போ. நான் வாசல்லயே நிக்கிறேன்."

கொட்டகையில் அம்மா புது வைக்கோல் பரப்பிக் கொடுத்தாள். கறவை மாட்டை அவிழ்த்து வெளியே கட்டினாள். பிறகு அவளுக்கு வேறு யோசனை வந்தது. எந்த வண்டி வந்தாலும் மறித்து, சின்னம்மாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது. மறுபடியும் சாலைக்குப் போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொப்புளங்கள் கம்பியில் பட்டு எரிந்தன.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு லாரி வந்தது. பின்னால் ஆண்கள் நிறைய நின்றிருந்தார்கள், கையில் காகிதக் கொடிகள். அம்மா நடுச் சாலைக்கு ஓடி, சேலை முந்தானையைத் தலைக்கு மேல் வீசினாள். இரண்டு கையையும் ஆட்டினாள். லாரியில் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார்கள். விடுதலைக்கான மலாய்ச் சொல்லில், "மெர்டேக்கா!" என்று கத்தினார்கள். கொடிகளை ஆட்டினார்கள். ஓட்டுநர் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு அவளைச் சுற்றி ஒதுங்கிப் போனான். அம்மா அதன் பின்னால், "நில்லுங்க! நில்லுங்க!" என்று ஓடினாள். அவர்கள் திரும்பத் திரும்ப, "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்று அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போய் மறைந்தார்கள்.

புழுதியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசலுக்கு வந்தாள். ஒரு பக்கத்து வேப்பிலைக் கொத்தைப் பார்த்தாள், மறு பக்கத்தைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டையும் அவிழ்த்தாள். முடிச்சு இறுக்கமாக இருந்திருக்க வேண்டும், பல்லால் கடித்து இழுத்தாள். அந்த இலையைக் கீழே போடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து என் ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

"ஏம்மா அவுத்தீங்க?"

"இங்கதானே ஆத்தா இருக்கா. இங்க இருந்தா போதும்." எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

அப்போது கொட்டகையிலிருந்து சின்னம்மா அவளுடைய மொழியில் ஏதோ கத்தினாள். அதுவரை அவள் சத்தமே போடவில்லை. அம்மா ஓடிப் போய்க் கொட்டகை வாசலில் நின்றாள். நிலைக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள்.

"முக்காதே தங்கச்சி! மாக் சொன்னாங்களே, முக்காதே!"

"முடியலை அக்கா. தானா வருது."

"பல்லைக் கடிச்சுக்கோ. ஊது. வாயால ஊது."

"அக்கா, உள்ள வாங்க."

"இங்கதான் இருக்கேன்."

"இங்க இல்லை. உள்ள."

அம்மா கொட்டகையைப் பார்த்தாள். என் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சின்ன முற்றம். அம்மா அதைக் கடந்து என்னிடம் வந்தாள். வரும்போதே அவள் என்ன முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செம்பு நிறைய மோரை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"தாகம் எடுத்தா இதைக் குடி. சொறியாதே, இலையால தடவிக்கோ. நான் இனிமே உள்ள வர முடியாது. மூணாவது தண்ணிக்கு அப்பா வந்து ஊத்துவாரு."

"அண்ணனுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடுமாம்மா?"

அம்மாவின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் ஒரு கணம் வைத்தாள். "வாயைக் கழுவு" என்றாள். "ஆத்தாகிட்ட பேசிக்கிட்டே இரு. சின்னம்மாவுக்கு இங்க யாரு இருக்கா? என்னை விட்டா யாரு இருக்கா?"

போனாள். கொட்டகை வாசலில் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு எனக்குக் கேட்டதுதான் உண்டு, பார்த்தது இல்லை. சின்னம்மாவின் ஊதல். அம்மாவின், "அப்படித்தான், அப்படித்தான்." வெளியே கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்துக் கத்தியது. சமையலறையில் துணி மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெயில் சுவரில் ஏறி, கடிகாரத்தைத் தாண்டி, கூரைக்குப் போனது. நான் ஆத்தாவிடம் பேசினேன். சின்னம்மாவின் குழந்தையைத் திருப்பிப் போடு என்றுதான் கேட்டேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அம்மாவைத் திருப்பி அனுப்பு என்றும் கேட்டேன்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் சாலையில் பெச்சா மணி கேட்டது. கிணிங், கிணிங். நான் எழுந்து உட்கார்ந்தேன். மணி நெருங்கி வந்தது. வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி, லாலாங் புல்லுக்குப் பின்னால், மேற்கே போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா! பெச்சா தாண்டிப் போவுது!"

"என்னால விட முடியலைடி! கையைப் பிடிச்சிருக்கா!"

ஆத்தா இருக்கிற வீட்டில் சத்தம் போடக் கூடாது. நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, உயிர் போகிற மாதிரி, "மாக்! மாக்! இங்க!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். மணிச் சத்தம் நின்றது. மறுபடியும் கத்தினேன்.

அன்று இரவு தம்பி பிறந்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். எனக்கு அம்மை இறங்கியது, நெற்றியில் ஒரே ஒரு வடு. சின்னம்மா அந்தச் சதுப்பில் இன்னும் பல வருடம் வாய்க்கால் வெட்டினாள். ஆனால் மகள் தொலைபேசியை எடுக்கத் தாமதமானால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரவு அல்ல, அதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடம்தான். பெச்சா திரும்பி வந்து வாசலில் நின்றது. மருத்துவச்சி இறங்கி, பிரம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு, மங்கல் வெளிச்சத்தில் முற்றத்துக்கு வந்தாள். அவள் தலைமுடி நனைந்து தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். "இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த மலாய் எல்லாம் கோபத்தில் வந்துவிட்டது. "இலையைப் பார்த்து ஓடினீங்களே!"

"ஓடினேனா?" மருத்துவச்சி கூடையைக் கீழே வைத்தாள். "என் தெருவுல இன்னொருத்திக்கு நேத்திலிருந்து வலி. இந்த வீட்டுக்குள்ள கால் வெச்சா அவ வீட்டுக்கு நான் போக முடியுமா? பச்சைப் பிள்ளைக்கு அம்மையைத் தூக்கிட்டுப் போகவா? அதான் அவளை முதல்ல முடிச்சேன். பெண் பிள்ளை. குளிச்சேன். வந்தேன். இலை கட்டின வாசல்ல நின்னு குரல் குடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? இந்த வண்டிக்காரன் புதுசு. இலையைக் காணோம்னதும் வீடு தவறிடுச்சுன்னு தாண்டிப் போயிட்டோம். இந்தச் சின்னது கத்தலைன்னா கிளேபாங் போயிருப்போம்."

மருத்துவச்சி கெபாயாவின் கையை மடித்துவிட்டபடி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். "முக்கினாளா?"

"இல்லை மாக்" என்று உள்ளேயிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது.

"கெட்டிக்காரி." மருத்துவச்சி அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் கையிலும் சேலையிலும் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். என் ஜன்னலையும் பார்த்தாள். பிறகு, பசாரில் விலை சொல்கிற குரலில் சொன்னாள்: "கிணத்துல ரெண்டு வாளி எடுத்துத் தலையோட ஊத்திக்கோ. எனக்குப் போதுமா இருந்தது, உனக்கும் போதும். ஊத்திட்டு உன் பிள்ளைகிட்ட போ. இவகிட்ட நான் இருக்கேன்."